ராக் இசை மூத்தவரோடு ஒரு ஹிப் ஹாப் தனிப்பாடல்: தோட்டப் பட்டணத்துப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் இன்று ராப் எழுதும் இளைஞர்களில் பெரும்பாலோர் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) வளர்ந்தவர்கள் அல்லர். அவர்களுடைய தாத்தா பாட்டிகள் பால்மரம் வெட்டினார்கள், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மிச்சமிருந்த நிலமும் செம்பனைக்கு (எண்ணெய்ப்பனைக்கு) மாறியபோது, பெற்றோர் பட்டணத்துத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளுக்கு வந்து சேர்ந்தார்கள். அதே தாமானில், இரண்டு வரிசை தள்ளி, ஒரு காலத்தில் கோயில் திருவிழா மேடைகளிலும் திருமண விருந்துகளிலும் மின் கிட்டாரோடு நின்ற ஒருவர் இப்போது பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றி இறக்கிக்கொண்டிருப்பார். ஈப்போவுக்கு வடக்கே உள்ள எங்கள் ஊரில் மட்டுமன்றி, பீடோர், தாப்பா, கோல சிலாங்கூர் என்று எந்தத் தோட்டப் பட்டணத்துக்குப் போனாலும் இப்படி ஒருவரையாவது காணலாம். அவரோடு சேர்ந்து ஒரு ஹிப் ஹாப் தனிப்பாடலை (சிங்கிள்) உருவாக்க விரும்பும் புதியவர்களுக்காக, முதல் சந்திப்பிலிருந்து வெளியீட்டுக்குப் பிந்தைய கணக்கு வழக்கு வரை செய்ய வேண்டியவற்றை வரிசையாக எழுதியிருக்கிறேன்.

இப்படிப்பட்ட கூட்டு முயற்சிக்கு உலகம் அறிந்த முன்னோடி ஒன்று உண்டு. நியூயார்க்கின் ரன் டிஎம்சி குழுவினர் 1986-இல், ஏரோஸ்மித் என்ற ராக் குழு 1975-இல் வெளியிட்ட 'வாக் திஸ் வே' பாடலை, அக்குழுவின் பாடகர் ஸ்டீவன் டைலரையும் கிட்டார் கலைஞர் ஜோ பெரியையும் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வரவழைத்துப் புதிதாகப் பதிவு செய்தார்கள். தயாரிப்பாளர் ரிக் ரூபின் இந்த யோசனையைச் சொல்லும் முன்பே, அப்பாடலின் தொடக்க டிரம்ஸ் பகுதியைச் சுழலவிட்டு அதன்மேல் ராப் சொல்வது அக்குழுவினருக்குப் பழக்கமாயிருந்தது. மூலப்பாடல் அமெரிக்க பில்போர்ட் பட்டியலில் 10-ஆம் இடம் வரை போனது; புதிய பதிவு 4-ஆம் இடத்தைத் தொட்டது. புதியவர்கள் இதில் கவனிக்க வேண்டியது, மூத்தவர்கள் நேரில் வந்து பாடினார்கள், வாசித்தார்கள் என்பதைத்தான். பழைய இசைத்தட்டிலிருந்து ஒரு துண்டை வெட்டி ஒட்டியிருந்தாலும் ஒரு பாடல் கிடைத்திருக்கும். ஆனால் இரண்டு தலைமுறை ஒரே அறையில் நின்று பிறந்த பாடலாக அது இருந்திருக்காது.

முதலில் போய்க் கேட்பது

கணினியில் செய்த தாள இசையான பீட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "மாஸ்டர், இதுக்கு ஒரு கிட்டார் போட்டுத் தாங்க" என்று கேட்பதோடு வேலையைத் தொடங்காதீர்கள். நேரில் போங்கள். எங்கள் வழக்கப்படி வெற்றிலை பாக்கு, பழம், ஓர் உறையில் நம்மால் இயன்ற வெள்ளி (ரிங்கிட்) ஆகியவற்றைத் தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டுப் பேச்சைத் தொடங்குவது நல்லது. அது கூலிக்கான முன்பணம் ஆகாது. அவருடைய கலையை மதித்து வந்திருக்கிறோம் என்பதற்கான அடையாளம். வயதைப் பொறுத்து ஐயா என்றோ மாமா என்றோ அண்ணன் என்றோ அழையுங்கள். இசைக்குழுக்களில் இருந்தவர்களுக்கு 'மாஸ்டர்' என்ற அழைப்பு இன்னமும் மகிழ்ச்சி தருகிறது.

முதல் சந்திப்பில் உங்கள் பாடலைப் பற்றிக் குறைவாகப் பேசி, அவருடைய கதையை அதிகமாகக் கேளுங்கள். 1980-களில் இந்நாட்டை ஆட்கொண்ட மலாய் ராக் அலை, சர்ச், விங்ஸ் போன்ற குழுக்கள், 1992-இல் நீண்ட முடி வைத்த ராக் கலைஞர்களை அரசு ஒளிபரப்பு நிறுவனமான ஆர்டிஎம் தொலைக்காட்சியில் தோன்றவிடாமல் தகவல் அமைச்சு தடுத்தது ஆகியவற்றையெல்லாம் அவர் ஓர் இளைஞராக நேரில் கண்டிருப்பார். தமிழ்த் திரைப்பாடலை மேடையில் வாசித்துக்கொண்டே, இரண்டு பாடல்களுக்கு இடையே கிடைத்த அரை நிமிடத்தில் தமக்குப் பிடித்த ராக் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சிறு இசைத்தொடர்) ஒன்றை வாசித்துவிட்டு நகர்ந்த கலைஞர்கள் அந்தத் தலைமுறையில் இருந்தார்கள். உங்கள் பாடலுக்கான விதை பெரும்பாலும் அந்த அரை நிமிடத்தில்தான் கிடைக்கும். அவர் அனுமதித்தால் அந்த உரையாடலைக் கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். பிறகு வரிகள் எழுதும்போது அதற்குத்தான் முதலில் திரும்புவீர்கள்.

ரிஃப்பைக் கண்டுபிடிப்பது

இரண்டாம் சந்திப்பில் கிட்டாரை எடுக்கச் சொல்லுங்கள். பல ஆண்டுகள் பெட்டிக்குள் இருந்த கிட்டாராயின், கம்பிகளை மாற்றும் செலவையும் சுருதி சரிபார்க்கும் செலவையும் நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். பெரிய தொகையன்று. அவர் தம் விருப்பத்துக்கு ஓர் அரை மணி நேரம் வாசிக்கட்டும். அதிலிருந்து இரண்டு அல்லது நான்கு பார் (ஒரு பார் என்பது நான்கு அடி கொண்ட தாள வட்டம்) நீளமுள்ள, கேட்டவுடன் தலை தானாக ஆடுகிற ஒரு ரிஃப்பை இருவரும் சேர்ந்து தேர்ந்தெடுங்கள். தேர்வில் ஒரு கவனம் வேண்டும்: ஸ்வரங்கள் நெருக்கமாக அடைபட்டிருக்கும் ரிஃப் தனித்துக் கேட்க அழகாயிருந்தாலும், அதன்மேல் ராப் சொல்ல இடம் இருக்காது. ஒவ்வொரு பாரிலும் ஏதோ ஓரிடத்தில் கிட்டார் மூச்சு விடுகிற ரிஃப்பே உங்களுக்கு வேண்டியது, ஏனெனில் அந்த மூச்சுக்குள்தான் உங்கள் சொற்கள் உட்காரப் போகின்றன.

சுருதியை உடனே குறித்துக்கொள்ளுங்கள். ராக் கலைஞர்கள் பலர் எல்லாக் கம்பிகளையும் அரைச் சுரம் இறக்கி வாசிப்பார்கள். அவருடைய கிட்டார் அப்படி இறங்கியிருந்தால், நீங்கள் கணினியில் சேர்க்கும் 808 எனப்படும் ஆழ்ந்த பாஸ் ஒலியும் அதே சுருதிக்கு இறங்க வேண்டும். இதைக் கவனிக்காமல் விட்டு, பதிவு முடிந்த பிறகு மென்பொருளால் கிட்டாரை இழுத்துச் சரிசெய்தால் ஒலியின் உயிர் போய்விடும்.

அடுத்தது வேகம். மூத்தவர்கள் டிரம்ஸ் கலைஞரோடு வாசித்துப் பழகியவர்கள். காதுக்குள் தாளம் காட்டும் கிளிக் ஒலியை மட்டும் கேட்டு வாசிக்கச் சொன்னால் கை இறுகிவிடும். எனவே முதலில் எந்தத் துணையும் இல்லாமல் வாசிக்கவிட்டு, அவருடைய இயல்பான வேகம் நிமிடத்துக்கு எத்தனை அடி என்று தட்டிப் பார்த்து, அந்த வேகத்துக்கு ஓர் எளிய டிரம்ஸ் சுழற்சியைத் தயாரித்து, கிளிக்குக்குப் பதிலாக அதைக் கேட்கக் கொடுங்கள். அவர் 140-இல் வாசிக்கும் ரிஃப்புக்கு நீங்கள் 70-இன் நடையில் ராப் சொல்லலாம். வேகம் மாறாது, ஸ்னேர் (டிரம்ஸில் சட்டென வெடிக்கும் அடி) விழும் இடம் மட்டும் மாறும். இளையவர் வேகத்துக்கு மூத்தவரைத் தள்ளுவதைவிட, அவருடைய நடையைப் பாதியாகவோ இரட்டிப்பாகவோ எண்ணி நாம் அதற்குள் புகுந்துகொள்வதே எளிது.

நீளத்தைக் கணக்கிடுவது கடினமன்று. 92 அடி வேகத்தில் 16 பார் என்பது 64 அடி, அதாவது ஏறக்குறைய 42 வினாடி. தொடக்கம் 4 பார், முதல் சரணம் 16, ஹூக் (திரும்பத் திரும்ப வரும் பல்லவி) 8, இரண்டாம் சரணம் 16, ஹூக் 8, கிட்டார் தனி (சோலோ) 8, இறுதி ஹூக் 8 என்று வைத்தால் 68 பார் வரும். பாடல் மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக முடியும். தனிக்குரிய அந்த 8 பாரை எக்காரணம் கொண்டும் வெட்டாதீர்கள்.

வரிகள்: மாத்திரையை எண்ணி எழுதுதல்

எனக்கு மிகவும் நெருக்கமான பகுதி இது. தமிழில் ராப் எழுத வருபவர்கள் பலர், ஆங்கில ராப்பைக் கேட்டுப் பழகியதால், வரியின் கடைசிச் சொல்லை ஒலிக்கச் செய்தால் போதும் என்று நினைக்கிறார்கள். அதை நம் இலக்கணம் இயைபு என்கிறது. ஆனால் தமிழ்ச் செய்யுளின் வலிமை வரியின் தலையில் இருக்கிறது: முதல் எழுத்து ஒன்றிவரும் மோனையும், இரண்டாம் எழுத்து ஒன்றிவரும் எதுகையும். கும்மியிலும் தெம்மாங்கிலும் நாம் கேட்டு வளர்ந்த ஒலி அதுதான். ரிஃப் ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் எதுகை வந்து விழுந்தால், கிட்டாரும் சொல்லும் ஒரே கையால் அடித்தது போலக் கேட்கும். ஓர் எடுத்துக்காட்டாக நான் எழுதிப் பார்த்த இரண்டு வரிகள்:

பனியில் நனைந்த பால்மரம் பாட்டன் வெட்டும் நேரமே
தனியே கிடந்த கிட்டாரும் தாளம் தேடி ஏறுமே

'பனி', 'தனி' என்பது எதுகை. 'பனியில், பால்மரம், பாட்டன்' என்பதும் 'தனியே, தாளம்' என்பதும் மோனை. 'நேரமே, ஏறுமே' என்று முடிவில் இயைபு வருகிறது. மூன்றும் சேர்ந்து வரும்போது கேட்பவருக்கு வரி ஒரே முறையில் மனத்தில் தங்கிவிடுகிறது.

இதைவிட நுட்பமானது மாத்திரை. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்யெழுத்துக்கு அரை. கிட்டார் ஒரு ஸ்வரத்தை நீட்டிப் பிடிக்கும் இடத்தில் நெடில் உள்ள சொல்லை வையுங்கள். கிட்டார் ஓயும் இடைவெளியில் 'விறுவிறு', 'கிடுகிடு' போலக் குறில்கள் அடுக்கிய சொற்களை ஓடவிடுங்கள். இடம் மாற்றிப் போட்டால் நெடிலைக் குறுக்கிச் சொல்ல வேண்டிவரும்; 'வாரி' என்பது 'வரி' ஆகிவிடும், பொருளே கெடும். 'கத்தி', 'கொட்டு', 'பக்கம்', 'தப்பு' போன்ற சொற்களில் வல்லினம் இரட்டிக்கும்போது நாக்கு ஒரு கணம் நின்று வெடிக்கிறதல்லவா, அந்த வெடிப்பை இரண்டாம் அடியிலும் நான்காம் அடியிலும், அதாவது ஸ்னேர் விழும் இடத்தில், வைத்துப் பாருங்கள். தனியாக ஒரு தாளக்கருவி சேர்த்தது போன்ற அழுத்தம் கிடைக்கும். மலேசியத் தமிழ் ராப் கலைஞர்களான யோகி பியும் நட்சத்ராவும் 2006-இல் 'வல்லவன்' தொகுப்பை வெளியிட்ட பிறகு, தமிழ் ராப் இந்நாட்டில் தன் சொந்த நாக்கோடு நடக்கிறது. அந்த நாக்கைக் கூர்மையாக்க இலக்கணம் பெரிதும் துணை செய்யும்.

பொருளை வெளியே தேட வேண்டாம். விடியும் முன் பிரட்டுக் களத்தில் (தொழிலாளர்கள் வரிசையாகக் கூடும் இடத்தில்) கூப்பிடும் பெயர்கள், வெயில் ஏறினால் பால் நின்றுவிடும் என்று இருட்டிலேயே மரத்துக்கு ஓடிய கால்கள், பசியாறக் கொண்டுபோன தூக்குச்சட்டி, செம்பனைக் குலை ஏற்றிப் போகும் லாரி ஆகிய எல்லாமே வரிகளாகத் தகுந்தவை. மூத்தவர் சொன்ன கதையைப் பயன்படுத்தினால், எழுதி முடித்தவுடன் அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். தம் குடும்பத்துத் துயரம் ஒன்று பாட்டில் வருவதை அவர் விரும்பாமல் போகலாம். அப்போது மறுபேச்சின்றி அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

உறுமியையும் சேர்க்கலாமே என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். உறுமி மேளம் நம் தோட்டங்களின் உயிர்நாடி. எனக்கும் அதன்மேல் அளவற்ற பற்று உண்டு. ஆனால் ராக் கிட்டாரும் உறுமியும் ஒரே இடத்தை நிரப்பக்கூடிய பெரிய ஒலிகள். முதல் பாடலில் இரண்டையும் சமாளிக்கப் புதியவர்களால் இயலாது. அதை அடுத்த பாடலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பதிவுக்கு முன் எழுத வேண்டிய ஒரு பக்கம்

நான் முதன்முதலில் உதவி செய்த இத்தகைய பாடலில் இந்தப் படியை நாங்கள் தாண்டிவிட்டோம். மூத்த கலைஞர் ஒருவர் இரண்டு நாள் வந்து வாசித்தார். பிறகு ஒலிக்கலவை (மிக்ஸிங்) செய்த இடத்தில் அவருடைய வாசிப்பிலிருந்து இரண்டு பாரை மட்டும் வெட்டிப் பாடல் முழுவதும் ஒட்டினார்கள். தனியைக் குரலுக்குப் பின்னால் ஒளித்துவிட்டார்கள். வெளியீட்டு நாளில்தான் அவர் அதைக் கேட்டார். எதுவும் சொல்லவில்லை, தேநீரைக் குடித்து முடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். கலவை முடிந்ததும் அவரைக் கேட்கச் செய்ய வேண்டும் என்று ஒரே ஒரு வரி எழுதி வைத்திருந்தால் அது நடந்திருக்காது. அந்த வருத்தம் இன்றும் எனக்குள் இருக்கிறது.

ஆகவே ஒரு பக்கத்தில், தமிழிலேயே, எளிய சொற்களில் எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். ஒரு பாடலில் இரண்டு வகை உரிமைகள் இருப்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். ஒன்று, சொல்லுக்கும் இசையமைப்புக்குமான உரிமை. மற்றொன்று, பதிவு செய்யப்பட்ட ஒலிக்கான உரிமை. மலேசியாவின் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, முதலாவது படைப்பாளியின் ஆயுள் முழுவதும், அவர் மறைவுக்குப் பின் 50 ஆண்டுகளும் நிலைக்கும். ஆகவே ரிஃப்பை உருவாக்கியவர் இசையமைப்பில் பங்குள்ள படைப்பாளி. ஒரு நாள் கூலி பெற்றுச் செல்லும் வாத்தியக் கலைஞராக மட்டும் அவரைக் கருதிவிடக் கூடாது. அவருடைய பங்கு நாளை பேரப்பிள்ளைகளுக்கும் போய்ச் சேரும். என்னைக் கேட்டால், இருவர் மட்டும் சேர்ந்து செய்த பாடலில் இரண்டு உரிமைகளையும் பாதிப் பாதியாகப் பிரிப்பதே நியாயம். கலவையைக் கேட்டு ஒப்புதல் தரும் உரிமையும், அட்டையில் பெயர் எந்த அளவில், எந்த வரிசையில் வரும் என்பதும் அந்தப் பக்கத்தில் இருக்கட்டும்.

அவர் தம் பழைய குழுவின் ரிஃப்பையே வாசிக்க விரும்பினால் ஒரு சிக்கல் உண்டு. புதிதாக வாசித்துப் பதிவு செய்தால் பழைய ஒலிப்பதிவின் உரிமையாளரிடம் போக வேண்டியதில்லை. ஆனால் அந்த ரிஃப்பை உருவாக்குவதில் பங்குகொண்ட மற்றவர்களின் அனுமதி அப்போதும் தேவை. அவர்களுள் ஒருவர் காலமாகியிருந்தால் குடும்பத்தாரிடம் கேளுங்கள்.

பதிவு செய்யும் நாள்

காலையில் பதிவு செய்யுங்கள். பேராக்கில் பிற்பகல் மழை துத்தநாகக் கூரையில் விழத் தொடங்கினால் எந்த மைக்கும் பயன்படாது. இடி முழங்கும்போது கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்பை மின் இணைப்பில் வைத்திருப்பதும் ஆபத்து. பழைய வீடுகளில் மின்கம்பியின் நில இணைப்பு சரியாக இல்லாவிட்டால் கிட்டாரில் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் கேட்கும். அப்போது பிளக்கின் நில முனையைக் கழற்றிப் பார்க்கும் வேலை உயிருக்கே கேடு. வேறு வீட்டுக்கு மாறுங்கள். மெத்தைகளையும் கனத்த போர்வைகளையும் சுவரோரம் நிறுத்தினாலே அறையின் எதிரொலி பெருமளவு அடங்கும்.

கிட்டாரை ஒரே நேரத்தில் இரண்டு வழிகளில் பதிவு செய்யுங்கள்: ஆம்ப்பின் ஒலிபெருக்கிக்கு அருகில் ஷூர் எஸ்எம்57 போன்ற ஒரு மைக், கிட்டாரைப் பதிவுக் கருவியோடு இணைக்கும் டிஐ பாக்ஸ் வழியாக நேரடியாக ஒரு தடம். மைக் ஒலி பிடிக்காமல் போனால், நேரடித் தடத்தை வைத்துப் பிறகு மென்பொருள் ஆம்ப்பில் ஒலியைச் சமைக்கலாம். கலைஞரை மீண்டும் வரவழைக்க வேண்டியதில்லை. பதிவின் தரம் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் போதும். பஃபரை (கணினி ஒலியைத் தேக்கிவைக்கும் அளவை) 128 சாம்பிளுக்குக் குறைத்தால் அதனால் வரும் தாமதம் 3 மில்லி வினாடிக்கும் குறைவு. அதை உயரத்தில் விட்டுவிட்டால் மூத்தவர் தம் ஒலியையே தாமதமாகக் கேட்டுத் தடுமாறுவார், பிழை தம்முடையது என்று நினைத்துக்கொள்வார்.

பாடலை முதலிலிருந்து கடைசி வரை மூன்று அல்லது நான்கு முறை முழுமையாக வாசிக்கச் சொல்லுங்கள். இரண்டாம் சரணத்தில் அவர் கை தானாகச் சற்று அழுத்தமாகும்; கடைசி ஹூக்கில் ஒரு ஸ்வரம் வளைந்து வரும். அவற்றுக்காகத்தான் அவரை அழைத்தோம். ராப் குரலைக் கிட்டாருக்குப் பிறகு, அந்த முழு வாசிப்பைக் கேட்டுக்கொண்டே பதிவு செய்யுங்கள்.

கலவையும் வெளியீடும்

கலவையில் இரண்டு மோதல்களைத் தீர்த்தால் பெரும்பகுதி முடிந்தது. கீழே 808 பாஸும் கிட்டாரும் மோதும். கிட்டாரில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளவற்றை மெல்ல வெட்டிவிட்டால் அந்த இடம் பாஸுக்குக் கிடைக்கும், கிட்டாரின் உறுமலும் குறையாது. மேலே சொல்லின் தெளிவும் கிட்டாரின் கூர்மையும் 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் பகுதியில் மோதும். ராப் ஒலிக்கும் பார்களில் மட்டும் அப்பகுதியில் கிட்டாரை 2 அல்லது 3 டெசிபல் இறக்கி, தனி வரும்போது திருப்பி ஏற்றுங்கள். ஒலியைப் பிழிந்து உரக்க ஒலிக்கச் செய்வதில் பயனில்லை, ஏனெனில் ஸ்பாட்டிஃபை போன்ற தளங்கள் ஏறக்குறைய மைனஸ் 14 லுஃப்ஸ் (ஒலியின் உரப்பை அளக்கும் அலகு) அளவுக்கு அதை இறக்கிவிடும். இறுதிக் கலவையை மூத்தவர் வீட்டுக்குக் கொண்டுபோய், அவர் வழக்கமாகப் பாட்டுக் கேட்கும் கருவியிலேயே கேட்கச் செய்யுங்கள்.

வெளியீட்டுத் தேதிக்குக் குறைந்தது நான்கு வாரங்களுக்கு முன்பே, பாடலை ஸ்பாட்டிஃபை போன்றவற்றுக்கு அனுப்பும் விநியோகத் தளத்தில் ஏற்றிவிடுங்கள். 3000க்கு 3000 பிக்சல் அட்டைப்படமும், ஒலிப்பதிவை அடையாளம் காட்டும், எழுத்தும் எண்ணுமாக 12 குறிகள் கொண்ட ஐஎஸ்ஆர்சி குறியீடும் தேவைப்படும். குறியீட்டைப் பெரும்பாலும் தளமே தரும். பாடகர் பெயர் நிரப்பும் இடத்தில் மூத்தவரை உடன் தோன்றுபவர் என்று போடாமல், இருவரையும் முதன்மைக் கலைஞர்களாகவே பதியுங்கள். அவருடைய பழைய குழுவின் பெயரை எழுதுவதற்கு மற்ற உறுப்பினர்களைக் கேட்க வேண்டும். சொல்லையும் இசையையும், படைப்பாளிகளுக்கான உரிமத் தொகையை வசூலித்துத் தரும் அமைப்பில் இருவர் பெயரிலும் பதிவு செய்தால், பொது இடங்களிலும் வானொலியிலும் ஒலிப்பதற்கான உரிமத் தொகை பிரிந்து வரும். மைஐபிஓ எனப்படும் அறிவுசார் சொத்துக் கழகத்தில் பதிப்புரிமையை விருப்பப் பதிவாக அறிவிக்கும் வசதி 2012 முதல் உண்டு. மின்னல் எஃப்எம், ராகா வானொலிகளுக்கு அனுப்பும் கடிதத்தில் மூத்தவரின் கலைப் பயணத்தை ஒரு பத்தியில் எழுதுங்கள். அறிவிப்பாளருக்குப் பேச ஒரு செய்தி கிடைக்கும்.

வெளியீட்டுக்குப் பின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, வருமானம் 10 வெள்ளியே ஆனாலும், கணக்கைத் தாளில் அச்சிட்டுப் பங்கோடு நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். அவருடைய கிட்டார் தடங்கள் அனைத்தையும், அவர் மட்டும் வாசித்த முழு டேக்குகளையும் சேர்த்து, ஒரு பென்டிரைவில் ஏற்றி அவர் வீட்டாரிடம் ஒப்படையுங்கள். மேலே அவர் பெயரையும் பதிவு செய்த தேதியையும் எழுதி ஒட்டுங்கள்.